சீனத்துத் தேயிலையும் நம் நாட்டு நெல்லும்

காவிரியாலும் கொள்ளிடத்தாலும் சூழப்பெற்ற திருவரங்கத் தீவிலாயினும், அதற்குத் தென்பால் மலைக்கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் திருச்சிராப்பள்ளி நகர்ப்புறத்திலாயினும் தேயிலை பயிராவதில்லை. நெல்லுக்கும் வாழைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் தாயாய் நிற்கும் இவ்வண்டல் மண் அச்செடிக்கு ஆகாது. நம் கோடையோ அதற்கு நஞ்சினும் கொடிது. விளைவில்தான் இவ்வாறென்றால், பருகுவதிலும் நம்மவர் நெடுங்காலம் தேநீரை மதித்தாரல்லர். திருவரங்கத்து வீதிகளில் விடியற்காலையில் எழும் மணம் இன்றும் காப்பியின் மணமே. அங்ஙனமிருக்க, 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்ட முதலாளிகள் சங்கத்தார் தம் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமை அலுவலகத்தைக் கொழும்பிலோ கண்டியிலோ அமைக்காது, கடல் கடந்து வந்து, இத்திருச்சிராப்பள்ளியில் அமைத்தனர். ஒரு குன்றத்துச் செடிக்கும் ஓர் ஆற்றங்கரை நகருக்கும் இத்தகைய உறவு ஏற்பட்டது எங்ஙனம் என்பதை அறிய வேண்டின், அச்செடியின் பிறப்பிடமாகிய சீன தேசத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தேயிலை என்னும் சொல்லிலேயே சீனம் மறைந்து கிடக்கின்றது. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் ஆமாய் என்னும் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழ்வோர் இச்செடியைத் 'தே' என்பர். ஏனைய சீனர் பெரும்பாலும் 'சா' என்பர். ஆமாய்த் துறையாரோடு வாணிகஞ் செய்த ஒல்லாந்தர் வாயிலாகத் 'தே' ஐரோப்பா புகுந்தது; போர்த்துக்கேயரும், தரைவழியே சென்ற வணிகரும் 'சா'வைக் கொண்டு சென்றனர். நம் தமிழ் 'தே'யைக் கொண்டு, தன் 'இலை'யை அதனோடு கூட்டித் தேயிலை என்றது. நம்முள் சாயா என்பாரும் உளராதலின், இரு வழக்கும் நம்மிடையே வாழ்கின்றன எனலாம்.

நிற்க. சீனத்தில் தேயிலை எவ்வாறு பயிரிடப்பட்டது? தேயிலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் காணும் காட்சியே: கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமாய் வெட்டப்பட்ட பசும்புதர்கள், முதுகிற் கூடை தாங்கிய பெண்கள், நடுவே ஓர் ஆலை, மேட்டில் துரையின் மாளிகை. சீன தேசத்துத் தேயிலை நாட்டில் நெடுங்காலம் இக்காட்சியைக் கண்டிருத்தல் அரிது. அங்கே அஃது உழவனது வீட்டுப் பயிர். பள்ளத்தாக்கில் நெல் வயல். வயலுக்கு மேற்பட்ட சரிவில், நெல் ஏறாத இடத்தில், சில நூறு தேயிலைப் புதர்கள். அவற்றிடையே அவரையோ மக்காச்சோளமோ. ஆங்கிலக் கம்பெனியாரின் பொருட்டுச் சீனத்தின் உள்நாடுகளிற் சுற்றிய இராபர்ட் பார்ச்சூன் என்னும் தாவர நூலறிஞர், நிங்போவுக்கு அருகில் ஓரேக்கர் முதல் நாலைந்து ஏக்கர் வரையுள்ள தோட்டங்களையே பெரும்பாலும் கண்டதாகவும், குடிசைதோறும் ஒரு சிறு தேயிலைத் தோட்டம் உண்டென்றும், வீட்டார் பருகியது போக மிஞ்சியதே விற்பனைக்கு வந்ததென்றும் எழுதியிருக்கின்றார்.

இதனை நம் ஊரார் எளிதில் உணர்தற்கு வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துக்கொள்ளுதல் போதும். கொடிக்காலும் இலைக்கே வளர்க்கப்படுவது. சிறு நிலத்தில் மிகுந்த கையுழைப்பைக் கொள்வது. பதம் பார்த்துக் கிள்ள வேண்டுவது. கிள்ளிய இலையைக் கவுளி கவுளியாய் அடுக்கிக் கட்டி, வாடுமுன் மண்டிக்கு அனுப்பாவிடில் உழைப்பெல்லாம் வீணாம். கொடிக்காற்காரன் பெரும்பாலும் நெல்லும் வாழையும் உடையவனாயிருப்பான். கொடிக்கால் அவனுக்கு ரொக்கம் தருவது, நெல் அவனுக்குச் சோறு தருவது. சீன உழவனுக்குத் தேயிலை இருந்த நிலையும் இதுவே. வேற்றுமை ஒன்றுண்டு: தேயிலையை வாடுமுன் விற்க வேண்டுவதில்லை, வீட்டு அடுப்பின்மேல் இரும்புச் சட்டியில் இட்டு வறுத்துக் கையால் உருட்டி உலர்த்திவிடின், அது பன்மாதம் கெடாதிருக்கும். நான்கு கிலோவுக்குச் சற்று மிகுந்த பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாய்ச் சுருங்குமாதலின், மலைப்பாதையிற் சுமந்து செல்வதும் எளிதாம். வண்டியும் செல்லாத மலைநாட்டுக் குடியானவனுக்கு இதனினும் ஏற்ற பண்டம் வேறொன்று கிடைத்தல் அரிது.

காலக்கணக்கில்தான் இதன் அருமை முழுதும் விளங்கும். சீனர் தம் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடும் சிங்மிங் என்னும் நாள் ஏப்பிரல் 5-ஆம் தேதியளவில் வரும். அதற்கு முன்னர்க் கிள்ளிய இளங்கொழுந்துக்கு விலை மிகுதி. அதன்பின் 'தானிய மழை' எனப் பெயரிய பருவம் ஏப்பிரல் 20-ஆம் தேதியளவில் தொடங்கும். அதற்குள் கிள்ளியது அடுத்த தரம். பின்னர்ப் பறிப்பன வரவர விலை குறைந்து, கோடையிற் பறிப்பது முரட்டுத் தேயிலையாய் முடியும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறையே பறிப்பு. முதற் பறிப்புக்குரிய அந்நாட்களில் நெல் நாற்றங்காலிலேயே நிற்கும், நடவு தொடங்கியிராது. பட்டுப்புழுக்களும் பெருந்தீனி கேட்கத் தொடங்கியிரா. அதாவது, வயலும் புழுவும் உழவனது கையைக் கேளாத சில வாரங்களில் தேயிலை அக்கைக்கு வேலை தந்து காசும் தந்தது. பறித்தலைப் பெண்டிரும் சிறுவரும் செய்தனர். வறுத்தலை ஆடவர் இரவிற் செய்தனர். தனியே கூலி கொடுத்து ஆள் அமர்த்தும் தேவை பெரும்பாலும் ஏற்படவில்லை. வூயீ மலையிற் போலச் சிலவிடங்களில் மடங்களும் வணிகரும் தோட்டங்களை உடையராயிருந்து, பக்கத்து மாகாணமாகிய சியாங்சியிலிருந்து பருவத்துக்கு ஆள் வருவித்ததும் உண்டு. அது பொது வழக்கன்று.

இவற்றைக் கேட்டு, சீன உழவன் கவலையற்ற வாழ்வு வாழ்ந்தான் என எண்ணுதல் கூடாது. இச்செடியின்மேல் அரசின் கண் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக விழுந்திருக்கின்றது. எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்னும் புலவர் தேயிலையைக் குறித்துத் தனி நூல் ஒன்று செய்தார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே, 793-ஆம் ஆண்டில், தாங் அரசர் தேயிலைக்குப் பத்திலொரு பங்கு வரி விதித்தனர். புலவர் புகழ்ந்த பண்டத்தை வரித்தண்டலாளர் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை! பின்வந்த சூங் அரசரோ சிச்சுவான் நாட்டுத் தேயிலை வாணிகத்தையே தமதாக்கிக்கொள்ள முற்பட்டனர். 993-இல் அந்நாட்டில் வாங் சியாபோ என்பான் தலைமையில் எழுந்த பெருங்கலகத்துக்குத் தேயிலை வாணிகர் பிழைப்பிழந்தது ஒரு காரணமாகும். 1074-இல் தேயிலைக்கும் குதிரைக்குமென ஓர் அரசாங்க நிலையமே ஏற்பட்டது. சீனத்தில் போர்க்குதிரை நன்கு வளராது. திபெத்தில் தேயிலை விளையாது. ஆகவே உழவனிடம் குறைந்த விலைக்குக் கொண்ட தேயிலை மலையேறிச் சென்று குதிரையாய் மீண்டது. 1391-இல் மிங் பேரரசர் ஒருவர், அச்சிற் கட்டிய உருண்டைத் தேயிலையைத் திறையாகச் செலுத்துதல் குடிகளை வருத்துகின்றதெனக் கருதி, உதிரித் தேயிலையே போதும் என ஆணையிட்டார். நாம் இன்று உதிரித் தூளாக வாங்குதலுக்கு அவ்வாணையும் ஒரு தொடக்கமாம்.

ஐரோப்பியர் தேநீர்ச் சுவையைக் கண்டபின்னர் இவ்வீட்டுப் பயிரின்மேல் உலக வாணிகமே வந்து ஏறியது. 1842 வரை அவர்கள் கான்றன் என்னும் ஒரே துறையில்தான் கொள்முதல் செய்ய இயன்றது. விலையாக வெள்ளியையே கொடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளி குறையவே, வங்காளத்து அபினியைச் சீனத்திற் புகுத்தி அவ்வெள்ளியை மீட்டனர். அதனால் மூண்ட போரும், 1842-இல் நாங்கிங் உடன்படிக்கையும், துறைகள் திறக்கப்பட்டதும் சரித்திர மாணவர் அறிந்தனவே. ஈண்டு நாம் கருதத்தக்கது வேறொன்று. இத்துணைப் பெருகிய தேவையைச் சீனம் பெருந்தோட்டங்கள் அமைத்து நிறைவேற்றவில்லை. சிறு தோட்டங்களின் தொகையே பெருகியது. 1886-ஆம் ஆண்டில் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியான தேயிலை ஏறக்குறைய 1,34,000 டன். அத்தனையும் பெரும்பாலும் குடிசைகளின் சட்டியில் முதல் வறுப்புக் கண்டதே.

குடிசைக்கும் கப்பலுக்கும் இடையே நின்றோர் பலர். ஊர் ஊராய்ச் சென்று கொள்வோன், அவனிடம் கொண்டு தரம் பிரித்து மறுமுறை வறுத்துப் பெட்டியிடும் வணிகன், அவ்வணிகனுக்குப் பருவத் தொடக்கத்தில் முன்பணம் கொடுத்துச் சரக்கைத் தன்பாற் கட்டிக்கொள்ளும் துறைமுகக் கிடங்குக்காரன், அவனிடமிருந்து கொள்ளும் அயல்நாட்டுக் கம்பெனி என இப்படி ஒருவர்மேல் ஒருவராய் அமைந்திருந்தனர். ஒவ்வொருவனும் தன்மேல் விழுந்த நட்டத்தைக் கீழே இறக்கிவிட்டான். இறுதியில் இறக்க இடமின்றி நின்றவன் உழவன். 1853 முதல் ஏற்பட்ட லிகின் என்னும் வழிச்சுங்கமும் சாவடிதோறும் சேர்ந்துகொண்டது. எந்த உழவன் எந்த இலையைத் தந்தான் என்பது எவர்க்கும் தெரியாதாகவே கலப்படமும் புகுந்தது. அயல்நாட்டார் விரும்பும் பச்சை நிறம் வருதற்பொருட்டு நீலச்சாயமும் சுண்ணப்பொடியும் பச்சைத் தேயிலையிற் சேர்க்கப்படுதலைப் பார்ச்சூன் கண்ணாரக் கண்டு, அப்பொடிகளின் மாதிரியை 1851-ஆம் ஆண்டின் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு அனுப்பினார்.

அப்பார்ச்சூன்தாம் 1848 முதல் 1851 வரை சீன உடை பூண்டு உள்நாடு புகுந்து, பல்லாயிரம் செடிகளையும், விதைகளையும், தொழில் வல்ல சீனர் சிலரையும் இமயச் சாரலுக்குக் கொணர்ந்தவர். அதற்கு முன்னரே அசாமில் இச்செடி இயற்கையாய் வளர்தல் தெரிந்திருந்தது. 1839-இல் அசாம் கம்பெனியும் நிறுவப்பட்டிருந்தது. நம் மாகாணத்திலோ, 1835-இல் நீலகிரியின் கேத்தி என்னும் ஊரில் இருந்த அரசாங்கச் சோதனைப் பண்ணையில் சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர் 1854-ஆம் ஆண்டையொட்டி மான் என்பவர் சீனத்து விதையைப் பெற்றுக் குன்னூரில் தோட்டம் அமைத்தார். நீலகிரிக்குச் சீன விதை மட்டுமன்றிச் சீன மக்களும் வந்தனர். மலாய்க் குடியேற்ற நாடுகளின் சிறைகளில் இடமின்மையால் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர் நீலகிரிச் சிறையில் வைக்கப்பட்டிருந்தனர். விடுதலைக்குப்பின் அவருட் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர் என எட்கர் தர்ஸ்டன் எழுதியுள்ளார். தேயிலையைக் கற்பித்தவரும் அவரே என்னும் கதை மலையில் வழங்குகின்றது. கதைக்குச் சான்று வலியதன்று.

இனி இலங்கைக்கு வருவோம். அங்கே ஆங்கிலேயர் முதலிற் பயிரிட்டது காப்பி. 1869-இல் இலைத்துரு நோய் தோன்றி, சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களைப் பாழாக்கியது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்தியர் 1867-இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி மடிந்த மலைகளிலெல்லாம் அவர் காட்டிய வழியே தேயிலை ஏறியது. இம்மாற்றம் தமிழ்நாட்டு உழவுத் தொழிலாளி வாழ்விற் செய்த மாறுதலைப் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

காப்பி ஆண்டில் சில மாதங்களே மிக்க ஆட்களை வேண்டும் பயிர். பழம் பறிக்கும் பருவத்தில் தமிழ்நாட்டு ஏழைகள் கூட்டங்கூட்டமாய்க் கண்டிச் சீமை சென்று, பறிப்பு முடிந்ததும் தம் ஊர் நோக்கி மீண்டு, அங்கே நடவுக்கோ அறுப்புக்கோ கைகொடுத்தனர். காடும் கடலும் கடந்த அப்பயணத்தில் வழியிலேயே மடிந்தோர் பலர். எனினும் மீண்டவனுக்கு ஊரும் வயலும் அறுந்துபோகவில்லை. தேயிலையோ அப்படியன்று. சீனத்தின் குளிர்நாட்டில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தளிர்க்கும் அச்செடி, இலங்கையின் மாரியிலும் மிதவெப்பத்திலும் ஆண்டு முழுதும் தளிர்க்கின்றது. ஏழு முதல் பத்து நாளைக்கொருமுறை ஒவ்வொரு புதரிலும் இரண்டிலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளியாக வேண்டும். தவறின் இலை முற்றும், ஆலை சும்மா கிடக்கும். ஆகவே ஆண்டு முழுதும், ஆண் பெண் மக்களோடு, குடும்பம் குடும்பமாய் மலையிலேயே தங்கும் கூட்டம் வேண்டியதாயிற்று. சீனத்தில் உழவன் தன் நெல்லை விட்டு நீங்காமலே தேயிலை பறித்தான். இலங்கையில் தேயிலை பறிக்க வேண்டின் நெல்லை விட்டு நீங்கியே தீரவேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. செடி ஒன்றே, அதனைச் சூழ்ந்த பொருளாதாரம் தலைகீழாயிற்று.

அந்நெல்லை விட்டு நீங்கியோர் யாவர்? திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் நிலமற்ற மக்களே பெரும்பாலோர். நம் மாவட்டத்தை ஆற்றுப்பாய்ச்சலின் செழிப்பைக் கொண்டே மதிப்பிடுதல் தவறு. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடும் பக்கம் ஒரு நாடு. முசிறி முதலிய இடங்களின் மானாவாரிப் புன்செய் வேறொரு நாடு. மழை பொய்ப்பின் அங்கே சோளமும் கம்பும் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்திற் கண்டிக்குச் சென்றோர் தொகை மிகப் பெரிது. ஆற்றோரத்திலும் அனைவரும் வாழ்ந்தாரல்லர். வயல் நிறைய நெல் விளைவித்தும் அந்நெல்லில் உரிமையின்றிப் படியாளாய்க் கட்டுண்டு கிடந்தோர்க்குக் கங்காணியின் வார்த்தை விடுதலை வார்த்தையாகவே செவியில் விழுந்தது.

கங்காணியும் பெரும்பாலும் அதே ஊரான், அல்லது உறவினன். தோட்டத்துரையிடம் முன்பணம் பெற்று ஊருக்கு வந்து, கடனை அடைத்துத் துணி வாங்கிக் கொடுத்து, ஆட்களைத் திரட்டிச் செல்வான். கொடுத்ததெல்லாம் ஆளின் பேரில் கடனாய் ஏறும். ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்குப் போக விரும்பினால், அக்கடனைப் புதிய துரை தீர்ப்பதாக எழுதிய 'துண்டு' ஒன்று வேண்டும். மனிதனது பெயரும் கடனும் ஒரு காகிதத் துண்டில் அடங்கிவிட்ட அவ்வழக்கம் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வோராளுக்கும் தோட்டத்தின் குறி பொறித்த தகர வில்லை ஒன்று தரப்பட்டது. அதனைக் கழுத்திற் கட்டியவன் வழிச்செலவின்றிக் கொண்டுபோகப்படுவான்; செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இவ்வேற்பாடுகளையெல்லாம் மேற்பார்வை செய்தற்கே 1904-இல் திருச்சிராப்பள்ளியில் அந்த ஆணையகம் எழுந்தது. இந்நகரம் தென்னிந்திய இருப்புப்பாதையின் பெருஞ்சந்தி. நாற்புறத்து வறண்ட நாடுகளினின்றும் வழிகள் வந்து கூடும் இடம். இங்கிருந்து மண்டபம் வரை புகைவண்டி. மண்டபத்து முகாமில் நோயறியும் பொருட்டுச் சில நாள் தங்கல். 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பலும் ஏற்பட்டபின் கடல் கடத்தலும் எளிதாயிற்று. ஆற்றங்கரை நகரம் குன்றத்துச் செடிக்கு வாயிலான வரலாறு இது.

மலையில் அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பிரா, விடியலிற் பெரட்டு, நாட்கூலி, அரிசி. இவ்வரிசியைக் குறித்து ஒரு சொல் கூறியே ஆகவேண்டும். தோட்டங்கள் பர்மாவினின்றும் நம் நாட்டினின்றும் அரிசி வருவித்துத் தொழிலாளிக்கு அளந்து, அதன் விலையைக் கூலியிற் கழித்தன. சீனத் தேயிலை உழவனது பானையில் வெந்தது தன் வயலின் நெல். இலங்கைத் தேயிலைத் தொழிலாளியின் பானையில் வெந்தது கப்பலில் வந்து கணக்கில் ஏறிய நெல். விலைவாசி இயல்பாயிருக்கும்போது இவ்வேற்றுமை புலப்படாது. விலை விழும்போதே புலப்படும்.

விலை முதலில் சீனத்துக்கே விழுந்தது. அசாமிலும் இலங்கையிலும் தோட்டங்கள் பெருகியதோடு, 1870-களில் இலை உருட்டும் பொறிகளும் உலர்த்தும் பொறிகளும் தோன்றிக் கையின் வேலையைக் குறைத்தன. ஒரே தோட்டத்தின் இலை ஒரே ஆலையில் ஒரே தரமாய் வந்தது. 1888-இல் பிரித்தானியர் இந்தியாவினின்று வாங்கிய தேயிலை முதன்முறையாகச் சீனத் தேயிலையை விஞ்சியது. 1920-ஆம் ஆண்டளவில் சீனத்தின் ஏற்றுமதி 1886-இல் இருந்ததில் நாலிலொரு பங்கும் இல்லை. சிதறிய சிறு தோட்டமும் சங்கிலிபோல் நீண்ட தரகும் உலகச் சந்தையில் நில்லா என்பது வெளிப்படையாயிற்று. ஆனால் அவ்வீழ்ச்சியைச் சீன உழவன் தாங்கிய வகை கவனிக்கத்தக்கது. கடன்பட்டான், வருந்தினான், எனினும் பல இடங்களில் புதரைப் பறியாது விட்டுவிட்டு நெல்லையும் சர்க்கரைவள்ளியையும் பற்றிக்கொண்டான். தேயிலை போயிற்று, குடி போகவில்லை. 1930-களில் வூ சுவேநோங் என்னும் வேளாண் அறிஞர் இந்தியத் தோட்டங்களையும் இலங்கைத் தோட்டங்களையும் நேரிற் பார்த்துத் தம் நாட்டுக்கு மீண்டு, தோட்டமுறையைக் கைக்கொள்ளாது, சிறு உழவர் கூட்டுறவுச் சங்கங்களே தம் நாட்டுக்கு ஏற்றன என வற்புறுத்தியதும் இது பற்றியே போலும்.

அடுத்த வீழ்ச்சி 1929-க்குப் பின்னர் உலகெங்கும் நேர்ந்தது. இந்தியா, இலங்கை, ஒல்லாந்தரின் கீழைத்தீவுகள் ஆகியவை 1933-இல் ஏற்றுமதியைச் சுருக்க உடன்படிக்கை செய்துகொண்டன. முதலாளிகளுக்கு அது காப்பாயிற்று. தொழிலாளிக்கோ கூலி குறைந்தது. பல்லாயிரவர் ஊர் திரும்பினர். திரும்பியவனுக்கு ஊரில் பறியாது விடத்தக்க புதரும் இல்லை, பற்றிக்கொள்ளத்தக்க நெல்வயலும் இல்லை. மீண்டும் கண்டியே கதி என்றிருக்கையில், 1939-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் இலங்கை செல்வதைத் தடுத்தது. 1948-இல் இலங்கை தன்னுரிமை பெற்றவுடன் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. நாலைந்து தலைமுறை தேயிலையன்றி வேறறியாத குடும்பங்கள் மண்டபத்து முகாமின் வழியே மீண்டு வந்தன. அவர்க்கு வாழ்வளிக்கவே 1968 முதல் தமிழ்நாடு அரசு கோத்தகிரி, பந்தலூர், வால்பாறைப் பக்கங்களில் காடு திருத்தித் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது; பின்னர் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. நெல்லுக்கு மீள்வார்க்கு நெல் நிலம் கொடுக்க எவரிடமும் இல்லையாதலின், தேயிலைக்கே மீண்டும் அனுப்பப்பட்டனர். கழகமும் நட்டத்தில் ஆழ்ந்து, 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர நேர்ந்தது.

இக்காலத்தில் உலகத் தேயிலையின் போக்கு மறுபடியும் சிறு தோட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கின்றது. சீனத்தில் கூட்டுப்பண்ணைகள் கலைந்து 1980-களில் நிலம் குடும்பங்களின் பயிர்ப்பொறுப்பில் விடப்பட்டபின், தேயிலை மீண்டும் வீட்டுப் பயிராயிற்று. இன்று அந்நாடு ஆண்டுக்கு முப்பது இலட்சம் டன்னுக்கு மேல் விளைவித்து, உலக விளைவில் ஏறத்தாழப் பாதியைத் தருகின்றது. அதிற் பெரும்பகுதியைத் தானே பருகுகின்றது. சிங்மிங்குக்கு முற்பட்ட கொழுந்துக்கு விலை இன்றும் மிகுதியே. பறிக்க வீட்டுப் பெண்டிர் போதாமையின் வெளி மாகாணங்களினின்று கூலிக்கு ஆள் அழைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. இலங்கையிலும் மூன்றிலிரண்டு பங்குக்கு மேற்பட்ட தேயிலை சிறு தோட்டக்காரருடையது. இந்தியாவிலும் ஏறத்தாழப் பாதி அவ்வாறே.

நம் நீலகிரியிற் பல்லாயிரம் படகர் குடும்பங்கள் ஓரிரண்டு ஏக்கரில் தேயிலை வைத்திருக்கின்றன. அளவில் இவை சீனத்துத் தோட்டங்களை ஒத்தனவே. ஆனால் ஒப்புமை அவ்வளவிலேயே நின்றுவிடுகின்றது என்பதே எம் கருத்து. படகர் முன்னாளில் கேழ்வரகும் சாமையும், பின்னர் உருளைக்கிழங்கும் விளைத்தவர். 1961-இல் கிழங்குப் பயிரில் நூற்புழு கண்டறியப்பட்டதும், தேயிலைக்கு விலையும் அரசாங்க உதவியும் பெருகியதும் சேர்ந்து, தானிய நிலமெல்லாம் தேயிலையாயிற்று. சீன உழவன் சரிவில் தேயிலையும் பள்ளத்தில் நெல்லும் வைத்தான். இவர் சரிவிலும் தேயிலை, பள்ளத்திலும் தேயிலை வைத்தனர். இலையை வீட்டில் வறுக்கும் வழக்கமும் இல்லை. கிள்ளிய கொழுந்தை அன்றே ஆலைக்குக் கொடுத்தாக வேண்டும். 1991-இல் சோவியத்து நாடு கலைந்து அதன் கொள்முதல் தளர்ந்ததும், அப்பத்தாண்டின் இறுதியில் பச்சைக் கொழுந்தின் விலை விழுந்ததும், அவர்கள் இலங்கைத் தொழிலாளியைப் போலவே கடையரிசியை நம்பி நின்றனர். 1962-இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவு ஆலைகள் தரகைக் குறைத்துச் சிறிது தாங்கின; ஆயினும் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும்போது கூட்டுறவு ஆலையும் இறங்கிய விலையையே கொடுக்க முடிகின்றது.

இப்போது சிலர் தேயிலையோடு முட்டைக்கோசும் பீட்ரூட்டும் கேரட்டும் பூண்டும் வைக்கின்றனர். அக்காய்கறிக்குப் பேர்பெற்ற பள்ளத்தாக்குகளுள் ஒன்று, 1835-இல் சீனக் கன்றுகள் நடப்பெற்ற அந்தக் கேத்தியே.